கண்ணாடி ஸ்டேஷன் கட்டிய அதிபர்

கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட ஒரு குச்சி. முழங்கை நீளம்தான் இருக்கும். சோவியத் காலத்து டிராபிக் போலீஸ்காரரின் கையில் எப்போதும் இருந்த பொருள் அது. சோவியத் யூனியன் உடைந்த பிறகும் ஜார்ஜியாவின் சாலைகளை விட்டு அந்தக் குச்சி போகவில்லை. குச்சி நீண்டால் வண்டி நிற்க வேண்டும். வண்டி நின்றால் ஓட்டுநரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். என்ன தப்பு செய்தோம் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் நேரம்தான் வீணாகும்.

நான் சொல்வது அமெரிக்காவில் இருக்கும் ஜார்ஜியா மாநிலத்தை அல்ல. காக்கசஸ் மலைக்குத் தெற்கே, கருங்கடலின் கிழக்குக் கரையில் இருக்கும் சின்ன நாட்டை. மக்கள்தொகை நாற்பது லட்சத்துக்கும் குறைவு. ஸ்டாலின் பிறந்த மண். நம் ஊர்ப் பிள்ளைகள் இன்று மருத்துவம் படிக்கப் போகிற திபிலிசிதான் தலைநகர். ஓர் அதிபர் மனம் வைத்தால் ஒரு நாட்டின் போலீஸைத் திருத்திவிட முடியுமா என்ற கேள்விக்கு, ‘முடியும், ஜார்ஜியாவைப் பாருங்கள்’ என்று உலக வங்கி முதல் பத்திரிகைகள் வரை பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தன. அந்தக் கதையின் முதல் பாதி உண்மைதான். இரண்டாம் பாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2003 வரை அங்கே போலீஸ் வேலை என்பது விலை கொடுத்து வாங்கும் பொருள். எவ்வளவு மாமூல் தேறும் இடமோ அவ்வளவு விலை. சம்பளம் சொற்பம், அதுவும் மாதாமாதம் வராது. சீருடையும் வண்டிக்குப் பெட்ரோலும் சொந்தக் காசில். ஆகவே, சாலையில் நின்று வசூலிப்பதுதான் பிழைப்பு. வசூலில் ஒரு பங்கு மேலதிகாரிக்கு, அவரிடமிருந்து அவருக்கும் மேலே இருப்பவருக்கு. குச்சியை நீட்டிய போலீஸ்காரர் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி மட்டுமே. அவரைத் திட்டிப் பயனில்லை என்று ஓட்டுநர்களுக்கும் தெரியும்.

போலீஸைவிட மரியாதை இருந்தது திருடர்களுக்கு. கேலிக்காகச் சொல்லவில்லை. ‘கானோனியெரி குர்தி’ என்று ஒரு கூட்டம் அங்கே உண்டு. ‘சட்டத்துக்குட்பட்ட திருடர்கள்’ என்று பொருள். அரசாங்கத்தின் சட்டம் அல்ல, திருடர்களின் சட்டம். சோவியத் சிறைகளில் பிறந்த மரபு இது. தங்களுக்கென ஒழுங்கு, தங்களுக்கென பஞ்சாயத்து, தங்களுக்கென பொது நிதி. நிலத் தகராறா, கடன் பாக்கியா, காணாமல் போன காரா, எதுவானாலும் கோர்ட்டுக்குப் போவதைவிட இவர்களிடம் போனால் சீக்கிரம் முடியும் என்று ஜனங்கள் நினைத்தார்கள். அப்படிப்பட்ட பின்னணியிலிருந்து வந்தவர்தான் ஜாபா யோசெலியானி. லெனின்கிராட்டில் வங்கிக் கொள்ளைக்காகச் சிறை போனவர், பிறகு நாடகப் பேராசிரியர், பிறகு ஆயுதக் குழுத் தலைவர். 1992இல் முந்தைய அதிபரைத் துரத்திவிட்டு எட்வர்ட் ஷெவர்ட்நாட்ஸேயை நாட்டுக்கு அழைத்து வந்தவர்களில் அவரும் ஒருவர். திருடனையும் அரசாங்கத்தையும் பிரித்துப் பார்க்க முடியாத காலம் அது.

2003 நவம்பரில் தேர்தல் மோசடியை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்கினார்கள். கையில் ரோஜாப் பூவோடு பாராளுமன்றத்துக்குள் நுழைந்தவர்களின் முன்வரிசையில் மிகைல் சாகாஷ்விலி இருந்தார். ஷெவர்ட்நாட்ஸே பதவி விலகினார். 2004 ஜனவரியில் நடந்த அதிபர் தேர்தலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்ட வாக்குகள் சாகாஷ்விலிக்கு. அப்போது அவருக்கு வயது 36.

அந்த ஆண்டுக் கோடையில் அவர் செய்ததைத்தான் இன்றுவரை எல்லோரும் சொல்கிறார்கள். டிராபிக் போலீஸ் பிரிவையே கலைத்தார். பயிற்சி கொடுத்துப் பார்ப்போம், எச்சரித்துப் பார்ப்போம் என்ற பேச்சே இல்லை. ஏறத்தாழ பதினாறாயிரம் பேர் ஒரே மூச்சில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். புது ஆட்கள் வரும்வரை கொஞ்ச காலம் சாலையில் போலீஸே இல்லை. குடிமுழுகிப் போகவில்லை.

பிறகு புதிய ரோந்துப் போலீஸ் வந்தது. தேர்வு எழுதி வந்த இளைஞர்கள், அவர்களில் பெண்களும் கணிசம். புதுச் சீருடை, புது கார்கள், பழையதைப்போலப் பல மடங்கு சம்பளம். கையில் அந்தக் குச்சி இல்லை. இவர்கள் கை நீட்டுகிறார்களா என்று பார்க்க, சாதாரண ஓட்டுநர் போல வேடமிட்ட ஆட்களை அரசே அனுப்பி லஞ்சம் கொடுத்துப் பார்க்கச் சொன்னது. வாங்கியவருக்கு வேலை போனது, சிலருக்குச் சிறையும் கிடைத்தது. சில ஆண்டுகளில் ஒரு தலைமுறையின் பழக்கம் மாறியது. லைசென்ஸ் எடுக்கவோ பாஸ்போர்ட் வாங்கவோ பணம் கொடுக்கத் தேவையில்லாத நிலை வந்தது. டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் அமைப்பின் ஊழல் பட்டியலில் 2003இல் 133 நாடுகளில் 124ஆவது இடத்தில் இருந்த நாடு, 2012இல் 176 நாடுகளில் 51ஆவது இடத்துக்கு ஏறியது. 2010ஐ ஒட்டிய கருத்துக்கணிப்புகளில் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் போலீஸை நம்புவதாகச் சொன்னார்கள். இந்தச் சாதனையை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. நானும் பேசவில்லை.

இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று ஸ்டேஷன்களையே கண்ணாடியால் கட்டினார்கள். நாடு முழுக்க, மலைக் கிராமம்வரை. தெருவில் போகிறவர் நின்று பார்த்தால் உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார், யாரோடு பேசுகிறார் என்பது தெரியும். ஸ்டேஷனுக்குள் போனவனுக்கு என்ன ஆகும் என்ற பயத்தோடு வளர்ந்த ஜனங்களுக்கு இது சாதாரண விஷயமல்ல. திபிலிசியில் உள்துறை அமைச்சகத்துக்கு இத்தாலியக் கட்டடக் கலைஞர் மிக்கேலே தே லூக்கி வடிவமைத்த கட்டடமும் கண்ணாடிதான், அலைபோல நெளியும் கண்ணாடி. இருபதாண்டு சீர்திருத்தப் பேச்சை எல்லாம் ஒரு படத்தில் சொல்லிவிடலாம் என்றால் அந்தக் கட்டடத்தைக் காட்டினால் போதும்.

திருடர்களையும் விட்டுவைக்கவில்லை. 2005 டிசம்பரில் வந்த சட்டம், குற்றம் எதுவும் செய்யாவிட்டாலும் ‘கானோனியெரி குர்தி’யாக இருப்பதே குற்றம் என்றது. இதில் ஒரு நுட்பம் இருந்தது. திருடர்களின் மரபுப்படி, தன் பட்டத்தைத் தானே மறுத்துப் பேசுவது பெரிய அவமானம். மறுத்தவன் தன் ஆட்களிடையே தலை நிமிர முடியாது. ஆகவே, ‘நீ திருடனா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்று சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த ஒரு சொல்லே தண்டனைக்குப் போதுமானதாக இருந்தது. சொத்துகள் பறிமுதலாயின. பலர் ரஷ்யாவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஓடினார்கள். அவர்களில் சிலரின் மாளிகைகள் காவல் நிலையங்களாக மாறின.

இங்கேதான் நான் கொஞ்சம் நிற்கிறேன். செய்த குற்றத்துக்காக அல்லாமல், ஒருவன் இன்னாராக இருப்பதற்காகத் தண்டிக்கிற சட்டத்தைக் கேட்டு அன்று ஜனங்கள் கைதட்டினார்கள். அவர்கள் பட்ட பாட்டுக்கு அது நியாயமாகவும் தோன்றியிருக்கும். ஆனால் அந்தக் கைதட்டலின் சத்தத்தில் வேறு சில விஷயங்கள் காதில் விழாமல் போயின.

ஒன்று பணம். 2004 பிப்ரவரியில் பழைய அதிபர் ஷெவர்ட்நாட்ஸேயின் மருமகனை வரி ஏய்ப்புக்காகக் கைது செய்தார்கள். குடும்பம் 1.55 கோடி டாலர் அரசுக்குக் கட்டியது, ஏப்ரலில் அவர் வெளியே வந்தார். ஏழை நாட்டின் கஜானாவுக்கு அந்தப் பணம் தேவைதான். ஆனால் விடுதலைக்கு விலை உண்டு என்று அரசாங்கமே காட்டிவிட்டது. பிறகு அதுவே வழக்கமானது. குற்றத்தை ஒப்புக்கொள், பணம் கட்டு, தண்டனை குறையும் என்ற பேரம் சட்டத்தில் இடம்பிடித்தது. சில ஆண்டுகளில் பெரும்பாலான கிரிமினல் வழக்குகள் விசாரணைக்கே போகாமல் இந்தப் பேரத்தில் முடிந்தன. சாலையில் போலீஸ்காரர் வாங்கியது லஞ்சம். இது ரசீதோடு போனது. கொடுத்தவருக்கு எவ்வளவு வித்தியாசம் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இன்னொன்று நீதிபதி. சாகாஷ்விலி பதவியேற்ற இரண்டு வாரத்துக்குள் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு அதிபரின் கை மிகவும் பலமானது. போலீஸைக் கலைத்த வேகத்தில் நீதிமன்றங்களும் மாற்றியமைக்கப்பட்டன. போலீஸ் நேர்மையானது, நீதிமன்றமோ அரசு வழக்கறிஞர் துறை கேட்டதைக் கொடுக்கும் இடமானது. அடுத்த ஆண்டுகளில் குற்றம் சாட்டப்பட்ட நூறு பேரில் ஒருவர்கூட விடுதலையாவதில்லை என்ற நிலை வந்தது. எந்தப் போலீஸும் அவ்வளவு துல்லியமாக ஆளைப் பிடிக்க முடியாது.

2006இல் ‘சிறு குற்றத்துக்கும் விட்டுக்கொடுப்பு இல்லை’ என்று சாகாஷ்விலி அறிவித்தார். சில குற்றங்களுக்குத் தண்டிக்கும் வயதை 2007இல் 14இலிருந்து 12ஆக இறக்கினார்கள், பிறகு திரும்பப் பெற்றார்கள். 2003இல் ஆறாயிரத்துச் சொச்சம் பேர் இருந்த சிறைகளில் 2011 வாக்கில் 24,000 பேர். லட்சம் பேருக்கு 500க்கும் மேல். உலகத்திலேயே அதிகம் பேரைச் சிறையில் வைத்திருந்த நாடுகளின் வரிசையில் ஜார்ஜியா முன்னே நின்றது. நாற்பது லட்சம் பேர்கூட இல்லாத நாட்டில் இது என்ன கணக்கு? ஏதோ ஒரு சித்தப்பா, ஒரு அண்ணன், ஒரு பக்கத்து வீட்டுப் பையன் உள்ளே இல்லாத தெருவே இல்லை என்று ஆகிவிடும்.

அதே 2006 ஜனவரியில், பனி கொட்டிய ஓர் இரவில், திபிலிசிக் கஃபே ஒன்றில் உள்துறை அமைச்சகத்தின் பெரிய அதிகாரிகள் பிறந்தநாள் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். அங்கே வந்த ஓர் இளம் வங்கி ஊழியருக்கும் அவர்கள் தரப்புக்கும் வாய்ச்சண்டை. மறுநாள் ஊருக்கு வெளியே அந்த இளைஞரின் உடல் கிடந்தது. அமைச்சகத்தின் ஆட்கள் நால்வருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. அதிபர் தம் மன்னிப்பு அதிகாரத்தால் அந்தத் தண்டனையைக் குறைத்தார். 2011இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், விசாரணை சுதந்திரமாக நடக்கவில்லை என்று கடுமையாகச் சொன்னது. கண்ணாடி ஸ்டேஷன்கள் நாடெங்கும் எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகள்தான் இவையும். 2006 மார்ச்சில் திபிலிசிச் சிறையொன்றில் கலவரத்தை அடக்கப் போனபோது ஏழு கைதிகள் செத்தார்கள். 2007 நவம்பரில் எதிர்க்கட்சிக் கூட்டத்தைக் கண்ணீர்ப்புகையாலும் ரப்பர் குண்டாலும் கலைத்தார்கள், ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்குள் ஆயுதத்தோடு புகுந்து ஒளிபரப்பை நிறுத்தினார்கள்.

2012 செப்டம்பர் 18. தேர்தலுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. தலைநகரின் விளிம்பில் இருக்கும் க்ல்தானி சிறைக்குள் எடுத்த வீடியோக்கள் தொலைக்காட்சியில் வந்தன. புதிதாக வரும் கைதிகளைக் காவலர்கள் வரிசையாக நின்று அடிக்கிறார்கள். துடைப்பக் கட்டையால் ஒருவரைப் பாலியல் சித்திரவதை செய்கிறார்கள், அவர் கெஞ்சுகிறார். இதை மேலும் விவரிக்க எனக்கு மனமில்லை. அன்று இரவே மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். இரண்டு அமைச்சர்கள் ராஜினாமா செய்தார்கள். சாகாஷ்விலி சிறைக் காவலர்களை விலக்கிவிட்டு, அவர்கள் இடத்தில் யாரை அனுப்பினார் தெரியுமா? ரோந்துப் போலீஸை. எட்டு ஆண்டுகளுக்கு முன்னால் தாம் உருவாக்கிய, மக்கள் நம்பிய அந்தப் பிள்ளைகளை. அவரிடம் நல்ல பெயரோடு மிச்சமிருந்தது அவர்கள்தான். அக்டோபர் 1ஆம் தேதி அவர் கட்சி தோற்றது. மறுநாள் தோல்வியை ஒப்புக்கொண்டார். சோவியத் யூனியன் உடைந்த பிறகு வாக்குச்சீட்டால் ஆட்சி கை மாறியது அந்த நாட்டில் அதுதான் முதல் முறை. அந்தப் பெருமையும் அவருக்கு உண்டு.

கோடீஸ்வரர் பிட்சினா இவானிஷ்விலியின் ‘ஜார்ஜியக் கனவு’ கட்சி வந்தது. 2013 தொடக்கத்தில் பெரிய பொது மன்னிப்பு. அதிபர் கையெழுத்துப் போட மறுத்தும் பாராளுமன்றம் நிறைவேற்றியது, ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்தார்கள். சிறைகளில் கூட்டம் பாதிக்கும் கீழே இறங்கியது. இதற்காகப் புதிய ஆட்சியைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் நீதிமன்றம்? வங்கி ஊழியர் கொலை வழக்கை உச்ச நீதிமன்றத்தில் விசாரித்த நீதிபதிகளில் ஒருவரான லெவான் முருசிட்ஸே, ஆட்சி மாறிய பிறகும் நீதித்துறையில் செல்வாக்கோடு நீடித்தார். 2023 ஏப்ரலில் அமெரிக்கா, ஊழல் காரணம் சொல்லி, அவர் உள்ளிட்ட நான்கு நீதிபதிகளைத் தன் நாட்டுக்குள் நுழைய விடாமல் தடுத்தது. ஆண்டவர்கள் மாறினார்கள், யாருக்குச் செவிசாய்ப்பது என்ற பழக்கம் மாறவில்லை.

சாகாஷ்விலி 2013இல் பதவி முடிந்து நாட்டை விட்டுப் போனார். அவர் இல்லாமலேயே வழக்குகள் நடந்து தண்டனை விதிக்கப்பட்டது. அந்தக் கொலை வழக்கில் கொடுத்த மன்னிப்பும் அவற்றில் ஒன்று. 2021 செப்டம்பர் இறுதியில் ரகசியமாகத் திரும்பி வந்தார், அக்டோபர் 1ஆம் தேதி பிடிபட்டார். உண்ணாவிரதம் இருந்து உடல் மோசமானபோது நவம்பரில் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் க்ல்தானி சிறை வளாகத்து மருத்துவமனை. தாம் நிரப்பிய சிறையின் வாசலைத் தாமே கைதியாகக் கடந்தார். இதைப் பழிவாங்கல் என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சந்தோஷமில்லை. அவர் மீதான வழக்குகளை விசாரித்ததும் அதே மாதிரி நீதிமன்றங்கள்தாம்.

இனி அண்மைக்காலத்துக்கு வருவோம். 2024 நவம்பர் 28ஆம் தேதி பிரதமர், ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் பேச்சை 2028வரை ஒத்திவைப்பதாக அறிவித்தார். அன்றிரவே திபிலிசியின் ருஸ்தவேலி சாலை நிரம்பியது. அப்போது அதிபராக இருந்தவர் சலோமே ஸுராபிஷ்விலி. கேடயமும் ஹெல்மெட்டுமாக வரிசை கட்டி நின்ற போலீஸின் எதிரே அவர் நேராகப் போய் நின்றார். நீங்கள் சேவை செய்வது ஜார்ஜியாவுக்கா, ரஷ்யாவுக்கா என்று கேட்டார். பதில் வரவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன்னால் ஓர் அதிபர் ஒரு சொல்லில் பதினாறாயிரம் போலீஸ்காரர்களை வீட்டுக்கு அனுப்பிய நாடு அது. இப்போது அதிபர் கேட்கும் கேள்விக்கு ஒரு போலீஸ்காரர் வாய் திறக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. இடையில் செய்த அரசியல் சட்டத் திருத்தங்களால் அதிகாரம் எல்லாம் பிரதமருக்கும் ஆளும் கட்சிக்கும் போய்விட்டது. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த கடைசி அதிபர் அவர்தான். டிசம்பர் 14ஆம் தேதி 300 பேர் கொண்ட வாக்காளர் குழு, முன்னாள் கால்பந்து வீரர் மிகைல் கவெலாஷ்விலியை அதிபராக்கியது. வேட்பாளர் அவர் ஒருவரே.

ருஸ்தவேலி சாலை நிரம்பிய அந்த இரவுகளில் முகமூடி போட்ட போலீஸ்காரர்கள் ஆட்களைக் கூட்டத்திலிருந்து இழுத்துப் போய் அடித்தார்கள். தண்ணீர் பீய்ச்சியும் கண்ணீர்ப்புகை போட்டும் விரட்டினார்கள். கைதானவர்களைப் போய்ப் பார்த்த அரசின் மனித உரிமைப் பாதுகாவலரே, பெரும்பாலோர் அடிபட்டதாகச் சொல்கிறார்கள் என்று அறிவித்தார். இந்தப் போலீஸ்காரர்களில் யாரும் சாலையில் மாமூல் வாங்குகிறவர்கள் அல்ல. கை நீட்டாத போலீஸ் என்ற அந்த ஒரு வெற்றி இன்றும் மிச்சமிருக்கிறது. ஆனால் மேலே இருப்பவர் யாரோ அவர் சொன்னதைச் செய்கிற போலீஸ் என்பதும் மிச்சமிருக்கிறது. 2004இல் மேலே இருந்தவர் நல்லதைச் சொன்னார், அது நடந்தது. அவர் தவறாகச் சொன்னபோது அதுவும் நடந்தது. தடுத்திருக்க வேண்டிய நீதிபதியை அன்றே சுதந்திரமாக விட்டிருந்தால், க்ல்தானியும் நடந்திருக்காது, ருஸ்தவேலி சாலையும் இப்படி ஆகியிருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன்.

2025 ஜனவரியில் கருங்கடல் ஊரான பதுமியில் நடந்த போராட்டத்தின்போது, ‘பதுமெலேபி’ பத்திரிகையை நிறுவிய மிஸியா அமக்லோபெலி அந்த ஊர்ப் போலீஸ் தலைவரைக் கன்னத்தில் அறைந்தார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி நீதிமன்றம் அவருக்கு இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. ருஸ்தவேலி சாலையில் அடிபட்டவர்களுக்காக, அந்தத் தீர்ப்பு வந்த நாள்வரை எந்தப் போலீஸ்காரரும் தண்டிக்கப்படவில்லை.